பிலோமிக்க முடியைக் கட்டினது நானாக்கும்

நாலாம் கிளாஸுக்கு மேலே பள்ளிக்கூடம் காணாதவன் நான். அந்த நான்தான் பாறசாலையில் மெயின் ரோட்டு ஓரத்தில் இரண்டு மாடிக் கடை கட்டினேன். 'பொன்னையன் டிராமா சீன்ஸ்' என்று தமிழிலும் மலையாளத்திலும் போர்டு எழுதி வைத்தேன். நெய்யாற்றின்கரை தொட்டு மார்த்தாண்டம் வரைக்கும் எந்தக் கோயில் திருவிழாவில் எந்த ராஜா மேடை ஏறினாலும் அவன் தலைக் கிரீடம் என் கடையிலிருந்து போனதாக்கும். கடற்கரைப் பள்ளிகளில், அதாவது மாதா கோயில்களில், திருநாள் நாடகம் என்றால் புனிதர்களுக்கு முடி, பிசாசுக்கு முடி, எல்லாம் என் கை. பாறை என்று சொல்லி மூன்று பேர் விட்டுப் போன இடத்தில் கிணறு வெட்டித் தண்ணீர் கண்டேன். பெண்மக்கள் மூன்று பேரையும் படிக்க வைத்தேன். எங்க அப்பன் எனக்கு விட்டுப் போனது ஒரு குடை. அதிலும் கம்பி இரண்டு இல்லை.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற காரியம். யாரிடம் கேட்டாலும் சொல்லுவார்கள். ஆனால் நான் செய்ததிலேயே பெரிய வேலையை இந்த ஊரில் எல்லோரும் பார்த்தார்கள், ஒருத்தருக்கும் தெரியவில்லை. இப்போது வாசகசாலைக்காரர்களும் பள்ளி இளைஞர் சங்கமும் சேர்ந்து முடி தானம் முகாம் நடத்துகிறார்கள். கேன்சருக்கு மருந்து ஏற்றி முடி போனவர்களுக்கு விக் செய்து கொடுப்பதற்காக, பெண்பிள்ளைகள் வரிசையில் நின்று முடியை வெட்டிக் கொடுக்கிறார்கள். நல்ல காரியம். விழா மலர் போடுகிறோம், அண்ணன் விக் கட்டின அனுபவத்தை இரண்டு பக்கத்தில் எழுதித் தரணும் என்று செயலாளர் சார் வீடு தேடி வந்து கேட்டார். இரண்டு பக்கத்தில் அடங்குகிற ஆள் இல்லை நான். இருந்தாலும் பார்க்கிறேன்.

தொழில் படித்தது மாணிக்கம் ஆசானிடம். நாடகக் கம்பெனி ஒன்றில் மேக்கப்காரர். அவரோடு இருந்த காலத்தைச் சொன்னால் ஒரு வரிதான்: வெற்றிலை வாங்கிக் கொடுத்தேன், அடி வாங்கினேன், முடி கோதினேன், பிறகு முடி கட்டினேன். ஆனால் அவர் ஒரு விக்கைச் சோதிக்கிற விதம் இருக்கிறதே, அதைச் சொல்லியாக வேண்டும். கையில் கொடுத்தால் பார்க்கமாட்டார். நடிகையின் தலையில் வைக்கச் சொல்லுவார். மேடை விளக்கைப் போடச் சொல்லுவார். கொட்டகையின் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து, வெற்றிலையை மடக்கி வாயில் வைத்து, மென்று முடியும் வரைக்கும் பேச்சில்லை.

"எலே பொன்னையா, கடைசி பெஞ்சில இருக்கியவனும் டிக்கெட் எடுத்தவனாக்கும். அவனுக்கும் இவ ராணியா தெரியணும். கறுப்பு போராது."

நான் கறுப்புக்கு மேல் கறுப்பு ஏற்றுவேன். நன்றாக இருக்கிறது என்று அந்த வாய் ஒரு நாளும் சொன்னதில்லை. துப்பிவிட்டு எழுந்து போனால் பாஸ் என்று அர்த்தம். அந்த எச்சிலுக்காக நான் உயிரை விட்டு வேலை செய்தேன்.

பிலோமினா பொழியூர்க்காரி. பாறசாலை சந்தையில் வாசலை ஒட்டிய நிழலில் அவளுக்கு இடம். எங்கள் வீட்டுக்கும் அவளிடம்தான் மீன். ஒரு மத்தியானம், தலையில் சருவம் இல்லாமல் கடைப்படியில் வந்து நின்றாள். சருவம் என்றால் மீன் சுமக்கிற அலுமினியப் பாத்திரம். அது இல்லாமல் அவளைப் பார்த்ததில்லை என்பதால் ஆளே குள்ளமாகத் தெரிந்தாள்.

"அண்ணா, பள்ளி நாடகத்துல யேசுவுக்கு முடியும் தாடியும் வச்சது நிங்கதானே?"

"யேசுவுக்கும் நான்தான், யூதாசுக்கும் நான்தான். என்ன காரியம்?"

"எனக்கும் ஒரு முடி வேணும்."

"நீ எந்த நாடகத்துல பிள்ளே ஆடப் போறே?"

"சந்தையிலதான்" என்றாள். அப்புறம் பெஞ்சில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள்.

மார்பில் கட்டி. ஆபரேஷன் முடிந்து புண் ஆறிவிட்டது. இனி திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியில் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை மருந்து ஏற்ற வேண்டும். இந்த மருந்துக்குப் பெரும்பாலும் முடி விழும், சிலருக்கு மெலிந்தாவது நிற்கும், எப்படியும் மருந்து முடிந்தால் திரும்ப முளைக்கும் என்று நர்ஸ் சொல்லியிருக்கிறாள்.

"முளைக்கும்ணா பிறகு என்னத்துக்கு விசாரம்?" என்று கேட்டேன்.

"அது முளைக்கியதுக்குள்ள சந்தையில எனக்க எடம் பெயிரும் அண்ணா. ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு எல்லாருக்கும் தெரியும். என்ன சீக்குண்ணு தெரியாது. மொட்டைத் தலையோட இருந்தா பாத்த உடனே தெரிஞ்சிரும். பிறகு எனக்க கையில இருந்து ஆரு மீன் வாங்குவினும்? சொகம் உண்டா, சொகம் உண்டாண்ணு கேட்டுட்டு அடுத்தவகிட்ட போவினும். எனக்கு அது வேண்டாம். என்னைக் கண்டா விலை பேசணும்."

என்னைக் கண்டால் விலை பேச வேண்டும். இதுதான் அவள் கேட்டது. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அலமாரியில் இருந்த விக்குகளை எடுத்துக் காட்டினேன். ஒன்றைத் தலையில் வைத்துக் கண்ணாடியில் பார்த்தாள். அது மேனகை முடி. "தேவலோகத்துல சாளை மீனு விப்பினுமா அண்ணா?" என்றாள். சிரித்துக்கொண்டே கழற்றும்போது பார்த்தேன், அதற்குள் நெற்றி முழுவதும் வேர்த்திருந்தது. நாடக விக் அரைமணி நேரத்துக்கு உள்ள சாமானம். பகல் முழுக்க வெயிலில் வைக்க அது ஆகாது.

"உனக்க சொந்த முடியிலதான் கட்டணும்" என்றேன்.

"விழுந்த பிறகு எல்லாத்தையும் பொறுக்கி வச்சுக் கொண்டு வாறேன்."

அங்கேதான் சிக்கல். விழுந்த முடி எதற்கும் உதவாது. முடிக்கு வேர்ப்பக்கம், நுனிப்பக்கம் என்று உண்டு. மீன் செதிள் மாதிரி அதற்கும் ஒரு போக்கு. நுனியும் வேரும் கலந்து போனால் ஒன்றோடொன்று பிணங்கி இரண்டே நாளில் சிக்குப்பிடித்த கயிறாகும். தலையில் இருக்கும்போதே கொத்துக் கொத்தாக வேர்ப்பக்கம் நூல் கட்டி, பிறகு வெட்டினால்தான் விக்குக்கு ஆகும். மீன்காரிக்குச் செதிளின் போக்கை நான் விளக்க வேண்டியதில்லை, உடனே பிடிகிட்டியது. முகம்தான் மாறியது.

"அப்பம், விழுமா விழாதாண்ணு தெரியியதுக்கு முன்னேயே நான் குடுக்கணும்."

"ஆமா."

"குடுத்த பிறகு விழல்லேண்ணா?"

என் வாய் சும்மா இருக்குமா. "விழல்லேண்ணா ரெட்டை முடிக்காரி ஆவே" என்றேன். அவள் சிரிக்கவில்லை. பெயிட்டு வாறேன் என்று சொல்லிப் போனவள் ஒரு வாரம் வரவில்லை. என் பெண்டாட்டி சரோஜம் என்னைக் கிழித்துவிட்டாள். "ஒரு பெண்ணுகிட்ட முடிய அறுத்துத் தாண்ணு கேக்குத விதமா இது? சந்தையில வெண்டைக்கா கேட்டது மாதிரி?" என்றாள்.

அடுத்த வாரம் பிலோமினா வந்தாள். தலை குளித்து, உலர்த்தி, பின்னாமல் வந்திருந்தாள். "வெட்டுங்க அண்ணா. அதுவா விழுந்து நான் பாத்துட்டு நிக்கியதுக்கு, நானா எடுத்துத் தாறேன்" என்றாள்.

மேல்மாடியில் சரோஜம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் தலையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கொத்துக்கும் வேரோரம் வெள்ளை நூல் கட்டினேன். கட்டி முடிக்கவே நேரம் பிடித்தது. வெட்டுவது சட்டென்று முடிந்துவிட்டது. கத்தி தலையில் படக்கூடாது, சின்னக் கீறல் விழுந்தாலும் மருந்து ஏற்றும்போது புண்ணாகும் என்று நர்ஸ் சொல்லி அனுப்பியிருந்ததால் கத்தியை எடுக்கவே இல்லை, கத்தரியோடு நிறுத்தினேன். கடைசிக் கொத்து விழுந்ததும் பிலோமினா கண்ணைத் திறந்து, கழுத்தின் பின்னால் கையை வைத்துப் பார்த்தாள். "காத்து வருது" என்றாள். சரோஜம்தான் அழுதாள்.

அப்புறம் நடந்தது என் வேலை. முடியைச் சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்தினேன். ஆணிப் பலகையில் இழுத்துச் சீவினேன். அவள் தலை அளவுக்குச் செய்த மரத்தலையில் வலையை இறுக்கி, கொக்கி ஊசியால் இரண்டு மூன்று முடியாக எடுத்து, வலைக்கண்ணில் நுழைத்து முடிச்சுப் போட வேண்டும். ஒரு தலைக்கு எத்தனை முடிச்சு என்று என்னிடம் கேட்காதீர்கள், எண்ணினால் பைத்தியம் பிடிக்கும். நாடகத்துக்குப் பசை போட்டு ஒட்டுவோம். இவளுக்குப் பசை ஆகாது. மருந்து ஏற்றின தலை குழந்தை கன்னம் மாதிரி இருக்கும், வலை பட்டாலே எரியும் என்று அவள் ஆஸ்பத்திரியில் கேட்டுவிட்டு வந்து சொன்னாள். சரோஜம் பெட்டியைத் திறந்து, கல்யாணத்துக்கு எடுத்த பாலராமபுரம் நேரியது என்கிற மேல்துணியை எடுத்துக்கொண்டு வந்தாள். துவைத்துத் துவைத்து வெண்ணெய் மாதிரி ஆன பருத்தி. "வெட்டி உள்ளே வச்சுத் தைங்க" என்றாள். நான் அதற்கு முன்னால் எத்தனையோ தடவை ராஜா வேஷத்துக்குக் கேட்டபோது தொட விடாத நேரியது அது.

முதல் மருந்து ஏற்றி மூன்றாம் வாரம் தொடங்குகிற நேரம், கட்டையாக நின்ற முடியும் தலையணையில் கொட்டிவிட்டது. சேதி வந்ததும் எனக்கு உள்ளுக்குள் ஒரு சமாதானம். அதைச் சமாதானம் என்று சொல்லக்கூடாதுதான். ஆனாலும் அவளை வீணாக வெட்ட வைக்கவில்லை அல்லவா.

விக் தயாரானது. அப்படி ஒரு முடியை நான் கட்டினதே இல்லை. நரைத்ததை எல்லாம் பொறுக்கித் தள்ளி, உடைந்ததைத் தள்ளி, மங்கின இடத்துக்குச் சாயம் ஏற்றி, குறைந்த இடத்துக்கு என் கையிருப்பில் இருந்த நல்ல முடியைச் சேர்த்திருந்தேன். பிலோமினா வைத்துக்கொண்டு கண்ணாடியில் ரொம்ப நேரம் பார்த்தாள். சோதித்துப் பார்க்கலாம், எதிரே சுகுமாரன் கடையில் போய் ஒரு சாயா குடித்துவிட்டு வா என்று அனுப்பினேன். சுகுமாரன் அவளை வருஷக்கணக்காகத் தெரிந்தவன், அவளிடம் மீன் வாங்குகிறவன்.

போன வேகத்தில் திரும்பி வந்தாள். சாயா குடித்த மாதிரித் தெரியவில்லை.

"அண்ணா, அவன் எங்கிட்ட மலையாளம் பறஞ்சான்."

"என்ன பறஞ்சான்?"

"எந்தா மேடம் வேண்டேண்ணு கேட்டான்."

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம், வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்லுகிறேன்: என்ன வேண்டும் மேடம் என்று கேட்டிருக்கிறான். இங்கே எல்லோருக்கும் இரண்டு பாஷையும் உண்டு. சுகுமாரன் நம்ம ஆட்களிடம் தமிழில் பேசுவான். காரில் வந்து இறங்குகிறவர்களிடம்தான் மேடம், மலையாளம் எல்லாம். பத்து அடி தூரத்தில் நின்ற பிலோமினாவை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. நான் அவளை அவ்வளவு அழகாக்கி வைத்திருந்தேன்.

"மேடத்துகிட்ட ஆராவது மீனுக்கு விலை பேசுவினுமா?" என்று கேட்டாள். அன்றைக்குத்தான் அவள் கண் நிறைந்தது. முடி வெட்டும்போது நிறையாத கண்.

தப்பு என் கையில் இல்லை, ஆசான் படிப்பித்த பாடத்தில். கடைசி பெஞ்சுக்காரனுக்காகவே கட்டிப் பழகின கை இது. சந்தையில் பெஞ்சு கிடையாது. வெயிலில், சருவத்துக்கு மேலே குனிந்து, கை எட்டுகிற தூரத்தில் முகத்தைப் பார்ப்பார்கள். அங்கே ராணி எதற்கு.

மறுநாள் குப்பையில் போடாமல் மூலையில் ஒதுக்கி வைத்திருந்த கழிவு முடியைத் திரும்ப எடுத்தேன். நரைத்த முடியைப் பொறுக்கி, இரண்டு காதோரத்திலும், வலப்பக்கம் கொஞ்சம் கூடுதலாக, கட்டினேன். அவளுக்கு வகிடு சீப்பு இழுத்து இழுத்து அகன்றிருக்கும். அங்கே கட்டியதைப் பிரித்து எடுத்தேன். உச்சியில் சும்மாடும் சருவமும் வருஷக்கணக்காக இருந்து தேய்த்ததில் ஒரு கை அகலத்துக்கு முடி உடைந்து, கட்டையாக, செம்பட்டையாக இருந்தது. நான் கேவலம் என்று தள்ளின முடி அது. அதை ஒவ்வொன்றாக உச்சியிலேயே திரும்பக் கட்டினேன். அழகாகக் கட்ட யாருக்கும் தெரியும். தேய்ந்ததைத் தேய்ந்த மாதிரியே கட்டுகிறவன் இந்த ஜில்லாவில் என்னைத் தவிர யாரும் இல்லை. ஆசான் இருந்திருந்தால் இது ராணி இல்லை என்று துப்பாமல் எழுந்து போயிருப்பார்.

கடைசியாக நுனியில் மட்டும் துளி தேங்காய் எண்ணெய். மறுபடியும் எதிர்க்கடைக்கு அனுப்பினேன். நான் ஜன்னல் வழியாகக் காது வைத்து நின்றேன்.

"என்ன பிலோமி, கொறய நாளா காணல்லியே. சாளை உண்டா? போன தடவ நீ தந்தது பாதியும் முள்ளு. விலையக் கொறச்சுத் தந்தா வாங்குவேன்."

"உனக்க சாயாவில பாதியும் வெள்ளம். நீ முதல்ல அதுக்கு விலையக் கொற."

நான் மரத்தலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். சரோஜம் பார்த்துச் சிரித்தாள்.

மருந்து ஏற்றின பிறகு கொஞ்ச நாள் வீட்டில் கிடப்பாள். தெம்பு வந்ததும் சந்தை. சுமக்கக் கூடாது என்பதால் மீன் ஆட்டோவில் வரும். இடம் போகவில்லை. ஆனால் நோயின் பெயர் எப்படியோ கசிந்துவிட்டது. பக்கத்தில் இருந்து விற்கிற திரேசி ஒரு நாள் நேராகவே கேட்டுவிட்டாள்: "அந்த மருந்து ஏத்தினா முடி பெயிரும்ணு சொல்லுவினுமே. உனக்கு எப்படி போவல்லே?"

பிலோமினாவுக்கு அந்த நேரத்தில் வாயில் வந்தது ஒன்றுதான். "வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்தேன்."

திரேசி சிலுவை போட்டுக்கொண்டாள். அவ்வளவுதான். ஊர் முழுக்கப் பரவிவிட்டது. நான் ஒரு நாள் மீன் வாங்கப் போனபோது, திரேசி என் கையைப் பிடித்து நிறுத்தி, "அண்ணன் இந்தப் பெண்ணுக்க முடிய ஒண்ணு பாருங்க. ஒரு இழை போவல்ல. மனுஷன் செய்யித காரியமா இது?" என்று எனக்கே விளக்கினாள். கட்டினது நானாக்கும் என்று எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஒரு தொப்பி தைத்தாலே ஊரைக் கூட்டிக் காட்டுகிறவன் நான். பிலோமினா என் முகத்தைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு என் பையில் இன்னொரு கை சாளை அள்ளிப் போட்டாள். "மாதாவுக்க கிருபை" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். சொல்லாமல் இருந்தால் உங்களுக்கு வயிற்றுவலி வருமே என்று சரோஜம் கேலி செய்தாள். வந்தது.

மருந்து முடிந்தது. முடி முளைத்தது, சுருட்டையாக, பாதி நரையாக. அது போதுமான அளவு வளர்ந்ததும் விக்கைக் கழற்றி வைத்தாள். சுருட்டையைப் பார்த்துக் கேட்டவர்களிடம் பார்லர் என்றாள். நானும் கடையை மூத்த மருமகனிடம் விட்டு வீட்டில் உட்கார்ந்தேன். விஷயம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

போன மழைக்காலத்தில் பிலோமினா வீட்டுக்கு ஓடி வந்தாள். கொல்லயில் என்ற ஊரில் பிந்து என்று ஒரு சின்னப் பெண். அதே நோய், அதே மருந்து. நேர்ச்சை நேர்ந்தும் முடி எல்லாம் போய்விட்டது. கதவை அடைத்துக்கொண்டு இருக்கிறாள். அடுத்த மருந்துக்கு வரமாட்டேன் என்கிறாள். மீன்காரிக்கு மாதா முடியை விட்டுக் கொடுத்தாள், எனக்கு மட்டும் என்ன பாவம் என்று கேட்கிறாளாம்.

"நான் சொன்ன ஒரு பொய்யி அண்ணா. எங்க போயி யாருக்க நெஞ்சில குத்துது பாத்தீங்களா. வாங்க, போவோம்."

ஆட்டோ பிடித்துப் போனோம். பிந்து தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். யார் வந்தது என்று திரும்பவில்லை. பிலோமினா அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, பிளாஸ்டிக் கவரிலிருந்து அந்த விக்கை எடுத்து அவள் மடியில் வைத்தாள்.

"இதாக்கும் மோளே சந்தைக்காரியளு கண்ட எனக்க முடி. எனக்கும் எல்லாம் பெயிட்டு. தலையணை நிறைய கிடந்தது. உனக்கு விழுந்தது மாதிரித்தான்."

பிந்து அதைத் திருப்பிப் பார்த்தாள். உள்ளே நேரியதைத் தொட்டுப் பார்த்தாள். நரையைப் பார்த்தாள். "அப்பம் மாதா?" என்று கேட்டாள்.

"மாதா எனக்கு உயிரு தந்தா. முடி தந்தது இந்தக் கெழவனாக்கும்."

என் வாழ்க்கையில் எத்தனையோ மேடையில் மைக்கில் என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். பொன்னாடை போட்டிருக்கிறார்கள். இந்தக் கெழவன் என்று அவள் சொன்னதற்குப் பக்கத்தில் அதெல்லாம் வராது. பிந்து என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எனக்கு இது வேண்டாம் மாமா, நரைச்சிருக்கு" என்றாள். பிலோமினா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிந்துவும் சிரித்துவிட்டாள். அடுத்த மருந்துக்குப் போனாள். அவளுக்குக் கறுப்பாக ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறேன், பிள்ளைகள் தானமாகக் கொடுத்த முடியில்.

இனி செயலாளர் சாருக்கும் கமிட்டிக்கும் சொல்லுகிறேன். விக் கொடுப்பதற்கு ஒரு அறை திறக்கப் போகிறீர்கள். அதில் மாதா படத்துக்குக் கீழே பிலோமினாவின் அதிசயத்தை எழுதி வைக்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். படம் இருக்கட்டும், எனக்கு அதில் வழக்கில்லை. ஆனால் முடி விழவில்லை என்று எழுதாதீர்கள். விழுந்தது என்று எழுதுங்கள். அந்த அறைக்கு வருகிறவள் முதலில் படிப்பது அதுவாக இருக்கட்டும். பிலோமினாவிடம் கேட்டுவிட்டேன், எல்லாம் எழுதலாம் அண்ணா, என் பெயரையும் போடுங்கள் என்று சம்மதம் தந்துவிட்டாள். அதன் அடியில், முடியைக் கட்டியது பாறசாலை பொன்னையன், உள்ளே வைத்த துணி அவன் மனைவி சரோஜம் தந்தது என்று இருக்க வேண்டும். எழுதாவிட்டால் திறப்பு விழாவுக்கு நான் வருவேன், மைக்கை வாங்கி நானே சொல்லுவேன்.